கங்கா சாப்பிட்ட வாரம்

தலைவர் அவர்களே, மேடையில் இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளப் பெருமக்களே, மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கும் அடி அண்ணாமலை ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே!

உரியுங்கள், உரியுங்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இலக்கியக் கூட்டத்தில் கொட்டாவிச் சத்தத்துக்கு மல்லாட்டைச் சத்தம் எவ்வளவோ தேவலை.

'இப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவல்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இருபது நிமிஷம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர் பதினேழு நாவல் படித்துக்கொண்டிருக்கிறாராம். நான் விரல் விட்டு எண்ணினேன். எழுதியவர் எந்த நாடு என்று சொன்னார். என்ன பரிசு வாங்கினார் என்று சொன்னார். எத்தனை பக்கம், என்ன விலை, அதையும் சொன்னார். அந்தப் பதினேழு நாவலில் வருகிற ஒரே ஒரு மனுஷனுடைய, ஒரே ஒரு மனுஷியுடைய பெயரையாவது சொன்னாரா?

கை தட்டாதீர்கள் ஐயா. அவர் இன்னும் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

என் கையில் ஒரே ஒரு நாவல்தான். அதுவும் பழசு. முன்பே படித்தது. வீட்டில் கேட்கிறார்கள், படித்ததையே ஏன் திரும்பப் படிக்கிறீர்கள் என்று. நான் உடனே கிரிவலத்தை உதாரணம் சொல்லப் போகிறேன் என்று நினைக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். காலையிலிருந்து பேசின மூன்று பேரும் அதைத்தான் சொன்னார்கள். மலைக்கே சலித்துப் போயிருக்கும்.

நான் வேறு கேட்கிறேன். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது எங்கே? இங்கே. இந்த ஊரில். கிரிவலப் பாதையில் அவருக்குக் கோயில் இருக்கிறது. மார்கழி வந்தால் அதே இருபது பாட்டு. அதே தோழி தூங்குகிறாள், அதே தோழிகள் போய் அதே கதவைத் தட்டுகிறார்கள். யாராவது ஒருத்தர், "அதான் போன மார்கழியிலேயே எழுந்துவிட்டாளே, முடிவு தெரிந்துவிட்டதே" என்று போர்த்திக்கொண்டு படுத்ததுண்டா? உண்டா தாய்மார்களே? பாட்டுக்கு ஒரு நியாயம், நாவலுக்கு ஒரு நியாயமா?

சரி, என் கையில் இருப்பது ஜெயகாந்தனுடைய 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1970இல் புத்தகமாக வந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு. பாருங்கள், நானும் பரிசைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். காற்றிலேயே ஒட்டிக்கொள்கிறது அந்த வியாதி.

ஆனால் நான் முதலில் படித்தபோது இந்த நாவலுக்கு இந்தப் பெயர் கிடையாது. 'காலங்கள் மாறும்' என்றுதான் என் கைக்கு வந்தது. தினமணி கதிரில் அந்தப் பெயரில்தான் தொடராக வந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, காலிகோ முதுகு வைத்து ஒருவர் பைண்டு செய்து வைத்திருந்தார்.

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த நிமிஷம் எழுந்து போய்விடுவார். இப்போதுகூட உட்காரவில்லை. ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள் ஐயா, பார்க்காதீர்கள்!

மண்டியில் மூட்டை தூக்கினவர். பள்ளிக்கூடம் எது வரைக்கும் என்று கேட்டால், வாசல் வரைக்கும் என்பார். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வருகிற பத்திரிகைக் கட்டைப் பிரித்து, தொடர்கதைப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொள்வார். கல்கி, விகடன், கதிர், குமுதம், எதையும் விடமாட்டார். அந்த பைண்டு புத்தகத்தில் படித்தவர்களுக்குத்தான் அந்த சுகம் தெரியும். இந்தப் பக்கம் கதாநாயகி கங்கா அழுதுகொண்டிருப்பாள். திருப்பினால் கூந்தல் தைல விளம்பரம். அதற்கு அடுத்த பக்கம் ஒரு மாமியார் ஜோக்கு, பாதி. மீதிப் பாதி எந்தப் புத்தகத்தில் போயிற்றோ! பொன்னியின் செல்வனை மணியம் படத்தோடு அப்படிப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். கை தூக்குங்கள்... பாருங்கள், எத்தனை கை! சினிமா வந்த பிறகு நாவலைப் பற்றிக் கருத்துச் சொல்ல வந்தவர்களைக் கேட்கவில்லை. அவர்கள் கையைக் கீழே போடலாம்.

கதைக்கு வருகிறேன். தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள் இன்னொரு தரம் கேளுங்கள். 1966. ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை. மழை. பஸ் ஸ்டாப். கல்லூரிப் பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாள். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. உலகம் தெரியாத பெண், ஏறிவிடுகிறாள். அந்தக் காரில் அவளுக்கு நடக்கக்கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அடிக்கிறாள். அப்புறம் என்ன செய்கிறாள்? மகளை உட்காரவைத்து, குடம் குடமாகத் தலையில் தண்ணீரை ஊற்றுகிறாள். தீர்ந்தது. நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள்.

அவ்வளவுதான் கதை. தமிழ்நாடு கொதித்துப் போயிற்று. இதென்ன அநியாயம், தண்ணியை ஊற்றினால் சரியாகிவிடுமா என்று சண்டைக்கு வந்தார்கள். வேறொரு எழுத்தாளராக இருந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த கதைக்குப் போயிருப்பார். ஜெயகாந்தன் என்ன செய்தார்? தன் கதையைத் தானே திரும்பப் படித்தார். சரி, அந்த அம்மா தண்ணி ஊற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாயில் அடித்துக்கொண்டு கத்தினாள் என்று வைத்துக்கொள்வோம். ஊர் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்களுக்குத் திருப்திதானே? இந்தாருங்கள், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று பாருங்கள்!

அதுதான் இந்த நாவல். அண்ணன் கணேசன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். வெங்கு மாமா கொண்டுபோய்ப் படிக்கவைக்கிறார். அந்த மாமாவின் பார்வை எங்கெங்கே போகும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கங்கா படிக்கிறாள், நல்ல உத்தியோகத்துக்குப் போகிறாள். வருஷங்கள் கழித்து ஒரு பத்திரிகையில் ஆர்.கே.வி. என்கிற எழுத்தாளர் எழுதிய ஒரு கதையைப் படிக்கிறாள். என்ன கதை? 'அக்கினிப் பிரவேசம்'. தன் சிறுகதையைத் தன் நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, தன் கதாநாயகி கையிலேயே கொடுத்துவிட்டார்! இது என் கதையாயிற்றே என்று அவளுக்குத் தெரிகிறது. இந்தக் கதையில் அம்மா தண்ணி ஊற்றினாளே, என் அம்மா ஏன் ஊற்றவில்லை என்று அவளுக்குத் தோன்றுமா தோன்றாதா? அதற்கப்புறம்தான் அந்தக் கார்க்காரனைத் தேடிப் போகிறாள். ஒரு கதையைப் படித்ததால் வாழ்க்கை திசை மாறிய பெண் ஐயா அவள். அந்தக் கதையையும் பதினெட்டாவதாகப் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தூங்கப் போகவில்லை!

போதும், போதும். கை தட்டினால் எனக்கு அடுத்த வரி மறந்துவிடும்.

காலேஜில் படிக்கும்போது எனக்கு இதில் அந்தக் கார்க்காரன் பிரபுவும் அவன் காரும்தான் தெரிந்தது. 1977இல் பீம்சிங் படமாக எடுத்தார், லட்சுமி நடித்தார், தேசிய விருது வாங்கினார். அப்புறம் கொஞ்ச நாள் எனக்கு இந்தப் புத்தகமே லட்சுமி முகம்தான். இப்போது படிக்கிறேன். கண் வேறெங்கும் போகவில்லை. அந்த அம்மா கனகத்திடம் போய் நிற்கிறது. அவள் ஏன் கத்தினாள்? அக்கம்பக்கத்துக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மகளை அவளே எரிகிற அடுப்பில் தள்ளினாள் என்று எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்! அவள் புருஷன் இல்லாதவள். மகன் போடுகிற சோறு. அந்த வீட்டில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொள்ள அவளுக்கென்று ஒரு அறை உண்டா, ஒரு பெட்டி உண்டா? தண்ணீர் ஊற்றுகிற அம்மாவுக்கு இருந்த தைரியம் இவளுக்கு எங்கேயிருந்து வரும்? இவளைப் பற்றித்தான் நாம் கூட்டம் போட்டுப் பேசியிருக்க வேண்டும். கங்காவுக்காக ஜெயகாந்தனே 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவல் எழுதினார். கனகத்துக்கு யார் எழுதினார்கள்?

இந்தக் கேள்வியை நான் கண்டுபிடித்தேன் என்று நினைக்காதீர்கள். ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறாரே, அவர் கேட்டது.

அவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வாராவாரம் எல்லாப் பத்திரிகையும் எடைக்கடைக்கு வருமா? வராது. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போகும். அப்போது இவர் என்ன செய்வார் தெரியுமா? அந்த வாரத்தைப் படித்தவர் யார் என்று தேடிப் போய்க் கேட்பார். கேட்டதைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் தன் கையெழுத்தில் எழுதி, அந்த இடத்தில் வைத்துத் தைத்துவிடுவார். 'காலங்கள் மாறும்' தொடரில் ஒரு வாரம் அப்படிப் போயிற்று. அதைப் படித்தவர் யாரும் அகப்படவில்லை. விட்டாரா? தானே எழுதினார். ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஒரு சண்டை இல்லை, ஒரு திருப்பம் இல்லை. கங்கா ஆபீஸ் விட்டு வருகிறாள், கை கால் கழுவுகிறாள், உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், மோர். படுத்துத் தூங்குகிறாள். முற்றும்.

ஏன் அண்ணே இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "எத்தினி வாரமா அழுதுகினு கெடக்குது அந்தப் பொண்ணு. ஒரு வாரமாவது வயிறு நெறையச் சாப்புடட்டுமே" என்றார்.

தட்டுங்கள் ஐயா, இதற்குத் தட்டுங்கள்! இது எனக்கில்லை, அவருக்கு! நாவலைப் பற்றிக் கருத்து, கருத்து என்கிறீர்களே, இதைவிட ஒரு கருத்து எந்த விமர்சகன் எழுதியிருக்கிறான்?

இவர் தைத்த புத்தகங்களை ஒரு இடத்துக்குக் கொடுக்கப் போனார். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதிப்பகம் பெயர் இல்லை, விலை இல்லை, பதிவேட்டில் ஏற்ற முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலில் தலைமேல் சுமந்துகொண்டு போன கட்டு, அதே தலைமேல் திரும்பி வந்தது. எனக்கு இதை விட முடியவில்லை. எந்த மேடை ஏறினாலும் இதில்தான் வந்து நிற்கிறேன்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி சேர்ந்து போகிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வைத்தார். உலகமே படிக்கிறது. அந்த ஐந்தில் பதிவேட்டைப் பற்றி ஒரு விதியும் இல்லை! புத்தகத்துக்கு ஆளும் ஆளுக்குப் புத்தகமும் சேர வேண்டும் என்பதுதான் அதில் இருக்கிறது. பத்து பைசா வாங்குகிறீர்கள் சாமி, கடைசிப் பக்கம் கிழியாத நாவல் ஒன்று காட்டுங்கள்.

சீட்டு வந்துவிட்டது. 'நேரம் ஆகிறது' என்று எழுதியிருக்கிறார் தலைவர். முன்னால் பேசியவருக்கு இந்தச் சீட்டு போனதா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அவர் சொன்ன பதினேழில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சாமர்செட் மாம் எழுதிய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' என்றார், 1944இல் வந்தது என்றார், அடுத்த நாவலுக்குத் தாவிவிட்டார். ஐயா, எந்த ஊரில் நின்றுகொண்டு அதைச் சொன்னீர்கள்! அந்த மாம் 1938இல் நம்ம திருவண்ணாமலைக்கு வந்தவர். ரமணாசிரமத்துக்குப் போனார். பகவான் ரமணரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். படுக்கவைத்திருந்த இடத்துக்கு பகவானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அந்த மௌனத்தை ஊருக்குக் கொண்டுபோய், நாவலில் ஸ்ரீ கணேசர் என்று ஒரு ஞானியாக வைத்துவிட்டார். வைத்ததும் எங்கே வைத்தார்? திருவாங்கூரில்! நம்ம மலையடிவாரத்து ஞானியைத் தூக்கிக்கொண்டு போய் மலையாள தேசத்தில் உட்காரவைத்துவிட்டார் மனுஷன். இந்த ஊர்க்காரன் யாராவது அந்த நாவலை இரண்டாம் தரம் படித்திருந்தால் அன்றைக்கே ஒரு கடிதம் போட்டிருப்பான். பதினேழு படிக்கிறவருக்கு இது எங்கே தெரியப் போகிறது?

சும்மா சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் நண்பரே. அடுத்த டீ நான் வாங்கித் தருகிறேன்.

பவா செல்லதுரை உட்கார்ந்து கதை சொன்னால் கேட்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிற ஊர் இது. வம்சி மாதிரி ஒரு பதிப்பகம் இருக்கிற ஊர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனம் நடந்துபோகிற பாதை இந்தப் பாதை. இங்கே காலை நீட்டி உட்கார்ந்து ஒரு நாவலைத் திரும்பப் படிக்க ஒரு திண்ணை கிடையாது. இனி யாரிடமும் மனு எழுதிக்கொண்டு போகப் போவதில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன். அடுத்த மாதம் இதே பந்தலுக்கு வரும்போது, வீட்டில் இருக்கும் நாவலில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். புதுசு வேண்டாம். நீங்கள் இரண்டு தரமாவது படித்ததாக இருக்கட்டும். இரண்டாம் தரம் யாரைப் பார்த்தீர்கள் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், கனகம் என்று ஒரு பெயர் எழுதினாலும் போதும். அவற்றை வைத்துப் படிக்க இடம் கொடுக்க இரண்டு வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அட்டை போயிருந்தாலும், நடுவில் பக்கம் போயிருந்தாலும் கவலை வேண்டாம், கொண்டுவாருங்கள். தைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறார்.