அகதா கிறிஸ்ரியின் மருந்தறை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியத்துறைக்குப் போனவர்கள் சார்பில் நோய்களைப் பற்றிப் பேசும்படிதான் கேட்டார்கள். ஆண்டு முழுவதும் அதைத்தானே பேசுகிறோம். இன்று எங்களுக்குப் பிடித்த ஒரு கதாசிரியையைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் பாடம் படித்த நாங்கள், பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துத் துப்பறியும் நாவல்களும் படித்தோம். நூலகத்தில் இருந்த அகதா கிறிஸ்ரியின் நாவல் ஒன்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. கொலையாளி யார் என்று வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது பலருக்கு நினைவிருக்கும். வைத்தியர்களான பிறகுதான் அவருடைய வாழ்க்கையை வாசித்தோம். அவரும் எங்களைப் போல மருந்து மணத்துக்குள் வேலை செய்தவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் 1890 இல் இங்கிலாந்தின் ரோர்க்கி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். எட்டு வயதுவரை பிள்ளைகள் வாசிக்கக்கூடாது என்பது தாயாரின் கொள்கை. பிள்ளையோ ஐந்து வயதிலேயே தானாக வாசிக்கப் பழகிவிட்டது. முதலாம் உலகப்போர் தொடங்கியதும் ஊர் வைத்தியசாலையில் தொண்டர் தாதியானார். பின்னர் அங்கேயே மருந்து கலக்கும் பகுதிக்கு மாறினார். அங்கே சில வேளை தலை நிமிர நேரமிராது, சில வேளை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் துப்பறியும் கதை எழுதும் எண்ணம் பிறந்தது. சுற்றிவர அலுமாரிகளில் நஞ்சுப் போத்தல்கள். ஆகவே கதையில் வரும் கொலையும் நஞ்சால்தான். 1920 இல் வெளிவந்த அந்த முதல் நாவலில் கொல்வது ஸ்ரிக்னைன், எங்கள் ஊர் எட்டி மரத்தின் விதையில் உள்ள அதே நஞ்சு. விவரம் பிழையில்லாமல் இருந்ததென்று மருந்தாளர்களின் சஞ்சிகை ஒன்று பாராட்டியது.

66 துப்பறியும் நாவல்கள் எழுதியவர். ஆனால் எழுதுவதற்கென்று நெடுங்காலம் தனி அறைகூட வைத்திருக்கவில்லை. ஆடாத மேசையும் தட்டச்சுப் பொறியும் போதும். சாப்பாட்டு மேசையிலும் எழுதினார். கதைக் குறிப்புகளைக் கைக்கு அகப்பட்ட கொப்பியில் கிறுக்கினார். 73 கொப்பிகள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் கொலைத் திட்டத்துக்குப் பக்கத்தில் வீட்டுச் சாமான் பட்டியலும் இருக்கும். இரண்டாவது கணவர் தொல்லியலாளர். அவரோடு ஈராக்குக்கும் சிரியாவுக்கும் போய், நிம்ருத்தில் கிடைத்த பழைய தந்தச் சிற்பங்களைப் பின்னல் ஊசியாலும் தன் முகக்கிறீமாலும் துப்புரவு செய்தார். படிவங்களில் தொழில் என்ற இடத்தில் ‘மணமான பெண்’ என்றுதான் எழுதுவாராம். அக்காமார் சிரிக்கிறீர்கள். கொப்பி நடுவில் சாமான் பட்டியல் எழுதாதவர் இந்த மண்டபத்தில் யார்?

அவருடைய சுயசரிதையில் எங்களை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. மருந்தாளர் பரீட்சைக்காக ஊரில் அனுபவமுள்ள ஒரு மருந்தாளரிடம் படிக்கப் போகிறார். ஒருநாள் அந்த மனிதர் குதவழிக் குளிகைகள் செய்யும்போது தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். மருந்து பத்து மடங்கு. மாணவி கணக்கைப் பார்த்துக் கண்டுகொண்டார். ஆனால் பெரியவரிடம் ‘பிழை’ என்று எப்படிச் சொல்வது? கால் இடறியதுபோல் நடித்துக் குளிகைகளைத் தட்டிவிட்டு, காலாலும் நன்றாக மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் சட்டைப்பையில் கியூராரே நஞ்சுக் கட்டி ஒன்றையும் கொண்டு திரிபவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1961 இல் வந்த ‘த பேல் ஹோர்ஸ்’ நாவலை யோசித்தபோதும் அவர் நினைவில் இருந்தார்.

எங்களுக்கும் ஒரு தசமப் புள்ளி உண்டு. உள்ளகப் பயிற்சிக் காலத்தில், எங்கள் வகுப்புத் தோழிகள் இருவர் ஒரே சிறுவர் விடுதியில் இரவுக் கடமையில் இருந்தோம். மேலதிகாரி எழுதிய அளவு குழந்தைக்குக் கூடுதலாகப் பட்டது. ஒருவரையொருவர் பார்த்தோம். ‘பெரியவர் எழுதியது சரியாகத்தான் இருக்கும்’ என்று பேசாமல் நின்றோம். தட்டைத் தட்டிவிடும் துணிவுகூட எங்களுக்கு வரவில்லை. வயதான தாதி ஒருவர்தான் தொலைபேசியை எடுத்து, “சேர், இது பத்து மடங்காக் கிடக்குது, சரியோ?” என்று கேட்டார். மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு, “நல்ல காலம் கேட்டீங்கள்” என்ற குரல். குழந்தை பிழைத்தது. அந்த இரவை நாங்கள் மறக்கவில்லை.

இந்தப் பாடசாலை எங்களுக்கு அடக்கம் கற்பித்தது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் அடக்கம் வேறு, வாய் மூடுவது வேறு என்பதை நாங்கள் பிந்தித்தான் கற்றோம்.

1977 இல், கிறிஸ்ரி இறந்து ஓராண்டு கடந்தபின், கட்டாரிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்றை இலண்டன் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் என்னவென்று வைத்தியர்களுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த தாதி அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ‘த பேல் ஹோர்ஸ்’. அதில் வரும் நஞ்சு தாலியம். குழந்தையின் தலைமுடி கொட்டுவதைக் கண்டதும், இது தாலியமாக இருக்குமோ என்று அவர் வைத்தியர்களிடமே சொன்னார். பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. குழந்தை காப்பாற்றப்பட்டது.

தட்டைத் தட்டிவிட்ட பெண் எழுதிய புத்தகத்தை வாசித்த இன்னொரு பெண், வாய் திறந்தே சொல்லிவிட்டார்.

தங்கைமாரே, கண்டதைச் சொல்லுங்கள். அக்காமாரே, எங்களுக்கு இன்று நாற்பது கடந்துவிட்டது. நாங்கள்தான் இப்போது மேலதிகாரிகள். இரவில் ஒரு சின்னப் பிள்ளை தொலைபேசி எடுத்து, “மிஸ், இது சரியோ?” என்று கேட்டால், எரிந்து விழாமல் இருப்போம். நூற்றாண்டு காணும் எங்கள் தாய்க்கு அதைவிட நல்ல காணிக்கை எங்களிடம் இல்லை.