பாதி வேலையில் நிற்கிறவர்களுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில், இந்நாள் மாணவர்களையும் அழைத்து நடத்திய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'படைப்பும் ஊக்கமும்'. பெரிய தலைப்பு. இதற்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் முப்பத்தைந்து வருஷமாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிற ஆள், அவ்வளவுதான். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, காலையில் இங்கே வரும்போது வராந்தாவில் ஒரு மூன்றாமாண்டு மாணவர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "சார், ஆரம்பிக்கும்போது நல்லாத்தான் சார் இருக்கு. பாதியில ஏன் செத்துப்போகுது?" என்று கேட்டார்.

இதைவிட நல்ல கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

முதலில் ஆரம்பத்தைப் பற்றி. கரு எங்கிருந்து வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. காலையில் ஸ்கெட்ச் புத்தகத்தைக் கொடுத்து வெளியே துரத்திவிடுவார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன், எழும்பூர் ஸ்டேஷன், 1985-இல் தீயில் போன அந்தப் பழைய மூர் மார்க்கெட், மழை வந்தால் எழும்பூர் மியூசியம். ஸ்டேஷனில் யாரும் உங்களுக்காக அசையாமல் நிற்கமாட்டார்கள். மூட்டையைத் தூக்கும் போர்ட்டர் முதுகை வளைக்கிற அந்த மூன்று நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும். முதல் மாதம் ஒன்றும் தேறாது. இரண்டாவது மாதம் முதுகும் தோளும் எங்கே சேர்கின்றன என்பது மட்டும் பிடிபடும். பிறகு மியூசியத்துக்குப் போய்த் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் உட்கார்ந்தால், ஸ்டேஷனில் பார்த்த அதே எடை, அதே சமநிலை, வெண்கலத்தில் இருக்கும். அப்போதுதான் தலைக்குள் ஏதோ ஒன்று ஒன்றோடொன்று ஒட்டும். அதைத்தான் கரு என்கிறோம் என்று நினைக்கிறேன். வானத்திலிருந்து வருவதாக எனக்குத் தெரியவில்லை.

ஸ்கெட்ச் புத்தகம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இப்போது அதையும் அழகாக வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துப் போடலாம் போல இருக்கிறது. அது காட்சிக்கு வைக்கும் பொருள் இல்லை, தம்பி. அது கிறுக்கல் நோட்டு. மளிகைக் கணக்குகூட அதில் இருக்கலாம்.

இனி அந்தப் 'பாதி'க்கு வருகிறேன். இறுதியாண்டில் நான் செய்த வேலையையே சொல்கிறேன், அதுதான் எனக்கு நுணுக்கமாக நினைவிருக்கிறது. காசிமேட்டில் வலை செப்பனிடுகிறவர்கள், ஐந்தடிக்கு நாலடி, எண்ணெய் வண்ணம். நாற்பது ஸ்கெட்சுக்கு மேல் போட்டேன். அவற்றிலிருந்து தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டமைப்புகள். அதில் ஒன்றைத் தேர்ந்து கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றில் மட்டும் ஒளி-நிழல் பார்த்தேன். பிறகு வண்ணத்தில் ஒரு சின்ன மாதிரி. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்தடித்து, வஜ்ஜிரம் காய்ச்சித் தடவி, வெள்ளை பூசிக் காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி... இந்தக் கட்டம் வரை சொர்க்கம்! நண்பர்கள் வந்து பார்த்து "பிரமாதம்டா" என்பார்கள். இன்னும் ஒன்றுமே போடவில்லை, ஆனால் பிரமாதம்.

டர்பென்டைனில் கரைத்த பழுப்பு நிறத்தில் உருவங்களை நிறுத்தினேன். அதுவும் நன்றாகவே இருந்தது. அடுத்து வண்ணம் ஏற ஆரம்பித்த மூன்றாவது வாரம் படம் குரூபமாகிவிட்டது. வலையின் பச்சை தனியாகக் கத்தியது, ஒரு கிழவரின் கை மட்டும் முடிந்து மற்ற எல்லாம் சேறாக இருந்தது. ஸ்டூடியோவுக்குள் நுழையவே பிடிக்கவில்லை. கேண்டீனில் டீ குடிக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. உங்களுக்கும் அந்த டீ தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. நான் இதைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். வெறும் துணியில் நீங்கள் போடும் ஒவ்வொரு கோடும் லாபம். இல்லாத ஒன்று வருகிறது. பாதிக்கு வந்தபிறகு நிலைமை தலைகீழ். இப்போது ஒன்றைப் போடவேண்டுமானால் ஏற்கனவே இருக்கிற ஒன்றை அழிக்கவேண்டும். அதுவும் சுமாராக இருப்பதை இல்லை, நன்றாக இருப்பதை! அந்தக் கிழவரின் கை அருமையாக வந்திருந்தது. ஆனால் அது இருக்கிறவரை படம் சேராது. அதன்மேல் சாம்பலை இழுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஊக்கம் போய்விட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நாலு நாளைத்தான். ஊக்கம் எங்கும் போகவில்லை. இழக்கப் பயப்படுகிறோம்.

இந்த நாட்களைக் கடக்கச் சில கைவேலைகள் உண்டு. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். கண்ணாடியில் பாருங்கள், இதை லியனார்டோ டா வின்சியே தன் குறிப்பேடுகளில் சொல்லியிருக்கிறார். பிறர் போட்ட படம் போலத் தெரியும், தப்பு எங்கே என்று உடனே தெரிந்துவிடும். அதற்கும் மசியவில்லையென்றால் மூன்று நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இன்னொரு வேலையைத் தொடுங்கள். எண்ணெய் வண்ணத்தில் அடிப்பூச்சு மெலிதாகவும் மேற்பூச்சு எண்ணெய் கூடியும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வெடிக்கும் என்று முதலாண்டிலேயே படிக்கிறீர்கள். அடிப்பூச்சு காயக் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில் கையை வேறு வேலைக்குக் கொடுங்கள், டீக்கடைக்குக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: சாயங்காலம் கிளம்பும்போது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்பாதீர்கள். நாளைக் காலையில் எந்த இடத்தில் தூரிகை வைக்கவேண்டும் என்பது தெரிந்த ஒரு சின்ன இடத்தை மீதி வையுங்கள். காலையில் மூளை விழிப்பதற்குள் கை ஆரம்பித்துவிடும்.

ஓவியப் பிரிவுக்காரர்களான நாம் சிற்பப் பிரிவிடம் கற்றுக்கொள்ளவேண்டியது ஒன்று இருக்கிறது. என் அறைத்தோழன் சிற்பம் படித்தான். பொங்கல் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம், அவன் போகவில்லை. என்னடா என்றால், "களிமண் காஞ்சிடும்டா" என்றான். கம்பிக்கூட்டின்மேல் ஏற்றிய களிமண்ணுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கவேண்டும், ஈரச் சாக்கைச் சுற்றவேண்டும். நாலு நாள் விட்டால் வெடித்து உதிர்ந்துவிடும். களிமண்ணுக்கு உங்கள் மூடு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் தெளிக்கப் போனவன் சாக்கை விலக்குவான், விலக்கினால் கண்ணில் ஏதாவது படும், பட்டால் கை போகும். அவனுக்கு ஊக்கம் கொடுத்தது அந்தத் தாகம் பிடித்த மண்தான். நம் கேன்வாஸ் அப்படிக் கேட்காது. ஆறு மாதம் மூலையில் சாய்த்து வைத்தாலும் வாய் திறக்காது. ஆகவே ஓவியன் தனக்கென ஒரு களிமண்ணை உண்டாக்கிக்கொள்ளவேண்டும். எனக்கு அது, தினம் காலை ஏழு மணிக்கு வந்து பக்கத்து ஈசலில் நிற்கும் ஒரு நண்பன். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே மாட்டோம். அவன் வந்துவிடுவான் என்பதால் நான் வருவேன், நான் வருவேன் என்பதால் அவன் வந்தான்.

கட்டுப்பாடு போட்டுக்கொள்வதும் பெரிய உதவி. ஓவியர் ஆதிமூலம் அவர்கள், நம் வளாகத்தில் படித்தவர், காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாகப் போட்டார். ஒரே மனிதர், கறுப்பு வெள்ளை, நூறு முறை. பத்தாவது படத்தில் நமக்குத் தெரிந்த காந்தி தீர்ந்துபோய்விடுவார் இல்லையா? அதற்குப் பிறகுதான் கோடு வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். எதை வேண்டுமானாலும் வரையலாம் என்றால் எதுவும் வராது. 'இந்த ஒன்றைத்தான், இந்தப் பேனாவில்தான்' என்றால் வரும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் ஊக்கத்தைப் பற்றிப் பேசுவது ஏமாற்று வேலை. நல்ல கோபால்ட் நீலம் ஒரு ட்யூப் என்ன விலை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வீட்டில் "இதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்" என்று கேட்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் அவர்கள் முதல்வராக இருந்த காலத்தில் மாணவர்கள் கேட்டதும் இதே கேள்வியைத்தான். அதற்கு அவரும் அவரது மாணவர்களும் கண்ட விடைதான் 1966-இல் உருவான சோழமண்டலம். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்த வருமானத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். காலையில் பத்திக், பிறகு தன் ஓவியம். படம் சோறு போடவேண்டும் என்ற பாரத்தைப் படத்தின்மேல் ஏற்றாமல், கைத்தொழில்மேல் ஏற்றினார்கள். இதை நான் மிகப் பெரிய புத்திசாலித்தனமாக நினைக்கிறேன். அந்தப் பணிக்கரே, கல்லூரி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டே, ஐம்பது வயதைத் தாண்டியபின் 1963-இல்தான் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார் என்பதையும் கவனியுங்கள். கோப்புகளுக்கும் கையெழுத்துகளுக்கும் நடுவே!

நம் தங்கைகளுக்கு இன்னொரு சிரமம். ஸ்டூடியோவில் இருட்டுகிறவரை இருக்க வீட்டில் விடுவதில்லை, படித்து முடித்தபின் கல்யாணம், குழந்தை. என் வகுப்புத் தோழி ஒருவர் பன்னிரண்டு வருஷம் தபால் அட்டை அளவில் மட்டுமே நீர்வண்ணம் போட்டார். குழந்தை தூங்குகிற நாற்பது நிமிஷத்தில் முடிகிற அளவு அது. பெரிய படம் போட நேரம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அந்த அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. நான் பார்த்திருக்கிறேன். பொறாமையாக இருந்தது.

இன்னொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும், பெயர் வேண்டாம். எங்கள் வகுப்பிலேயே கோடு அவனுக்குத்தான். முதலாண்டில் அவன் போட்ட உருவப் பயிற்சிகளை ஆசிரியர்கள் மற்ற வகுப்புகளுக்கு எடுத்துப்போய்க் காட்டினார்கள். இரண்டாமாண்டிலிருந்து அவன் குறைத்துக்கொண்டே வந்தான். "மூடு வரலடா" என்பான். வறுமை காரணமில்லை, என்னைவிட வசதியான வீடு. பாராட்டு அவன் கையைக் கட்டிவிட்டது என்றே நான் நினைக்கிறேன். அந்த முதலாண்டுப் படத்துக்குக் கீழே ஒன்றைப் போட அவனால் முடியவில்லை. கீழே போடாமல் மேலே போகிற வழி இந்தத் தொழிலில் கிடையாது. படிப்பு முடிந்து பேனர் எழுதும் கடை வைத்தான், கையால் வரைகிற பேனர்களை பிளக்ஸ் வந்து அழித்தபின் அச்சு மெஷின் வாங்கினான். நன்றாகவே இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை ராத்திரி பத்து மணிக்குமேல் போன் செய்வான். குசலம் எல்லாம் விசாரித்தபிறகு, கடைசியில், "இப்ப என்னடா போட்டுட்டிருக்க?" என்பான். நான் சொல்வேன். "ம்... நடத்து" என்று வைத்துவிடுவான். அந்த 'ம்' கேட்கிற ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். காலையில் பல் துலக்குவதற்குள் உலகத்தின் மிகச் சிறந்த நூறு படங்களைப் போனில் பார்த்துவிடுகிறீர்கள். எல்லாம் முடிந்த படங்கள். யாருடைய மூன்றாவது வாரத்தையும் அதில் பார்க்கமுடியாது. பிறகு உங்கள் பாதிப் படத்தின் முன்னால் போய் நின்றால் அது எப்படித் தெரியும்? சுவாமிமலைக்கு ஒருமுறை போய்வாருங்கள். மெழுகில் நகக்கண் வரை செதுக்கிய உருவத்தின்மேல் வண்டல் மண் பூசிக் கம்பி கட்டிக் காயவைத்து, நெருப்பில் வாட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் ஸ்தபதியின் கையில் சிலை என்று ஒன்றுமே இல்லை. மண்ணுக்குள் ஒரு வெற்றிடம் மட்டும்தான். அவர் பாட்டுக்கு வெற்றிலை போட்டுக்கொண்டு உலோகம் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, முன்வரிசையில் இருக்கிற நம் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சித் திறப்புவிழாவுக்கு வந்து, சட்டம் போட்ட படங்களைப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். பிள்ளைகளுக்கு நாம் தேவைப்படுவது அப்போது இல்லை. கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்னால், படம் சேறாகக் கிடக்கும்போது வரவேண்டும். அறிவுரைகூட வேண்டாம். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நம் வேலையை நாம் செய்தால் போதும். முதல்வர் அவர்களிடம் பேசிவிட்டேன், அனுமதி தந்திருக்கிறார். வருகிற மாதம் முதல் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை எட்டு மணிக்கு நான் ஓவியப் பிரிவில் இருப்பேன். என் பாதிப் படத்தையும் கொண்டுவருவேன். இப்போது அது மகா கேவலமாக இருக்கிறது. வராந்தாவில் என்னைக் கேட்ட தம்பி, நீங்களும் உங்களுடையதை எடுத்து வாருங்கள். முடிந்தது எதையும் கொண்டுவராதீர்கள்.