பணிக்கர் எடுத்ததும் விட்டதும்



ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஓவியம் பழகும் இளைஞர்களை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன். வான்காவையும் பிக்காசோவையும் கைபேசியிலேயே பார்த்துவிட முடிகிற காலம் இது. பார்த்ததும் அதே மாதிரி வரைய ஆசை வரும். அந்த ஆசையில் தவறே இல்லை. அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம், எந்த இடத்தில் அவர்களை விட்டுப் பிரிகிறோம் என்பதுதான் முக்கியம். அதற்கு நம் சென்னையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைச் சொல்கிறேன்.

பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைத் தாங்க இளம் வயதிலேயே தந்தித் துறையில் வேலைக்குப் போனார். ஏறக்குறைய 25 வயதில்தான் எழும்பூர்க் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வர், மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி. பிற்பாடு 1957இல் பணிக்கரே அந்தப் பள்ளியின் முதல்வரானார்.

அவருடைய தொடக்க கால நீர்வண்ண ஓவியங்களில் தென்னையும் காயலும் வெயிலும் நிறைந்திருக்கும். அழகான படங்கள், ஆனால் கண்ணில் கண்டதற்கு மிக நெருக்கமானவை. பிறகு வான்காவும் அவர் காலத்து ஓவியர் காகினும் பணிக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். நிறம் துணிந்தது, தூரிகை வேகம் கொண்டது, மனித உருவங்கள் கனத்தன. இலைக்குப் பச்சைதான், வானத்துக்கு நீலம்தான் என்ற கட்டு அவிழ்ந்தது. அந்த இருவரிடமும் அவர் பெற்றது இந்த விடுதலையை.

1954இல் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்க லண்டன் போனார். சல்வடார் டாலியின் ஆக்கங்களும் அரூப ஓவியங்களும் அங்கே அவரை உலுக்கின. அந்தப் பயணத்துக்குப் பின் ஒரு கேள்வி அவரை விடவே இல்லை: ஓர் ஓவியம் நவீனமாகவும் இருக்க வேண்டும், இந்த மண்ணுடையதாகவும் இருக்க வேண்டும், அது எப்படி?

விடைக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஓவியத் திரை முழுக்க வரிவரியாக எழுத்துகள், எண்கள், ஜாதகக் கட்டங்கள். இடையிடையே ஒரு பறவை, ஒரு மீன். மலையாள எழுத்துப் போலத் தோன்றும். படிக்கப் போனால் பொருள் பிடிபடாது. ஆனாலும் கண் அதை வாசித்துக்கொண்டே இருக்கும். பால் க்ளே போன்ற ஐரோப்பிய ஓவியர்கள் எழுத்தையும் அம்புக்குறியையும் ஓவியத்துக்குள் முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். பணிக்கரோ நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்திலிருந்து தமக்கான வடிவத்தைக் கண்டெடுத்தார். அந்தப் படங்களின் முன் நிற்கிறவருக்கு ஐரோப்பிய ஆசான்களின் நினைவே வருவதில்லை. என் கணிப்பில் அவருடைய மிகப் பெரிய வெற்றி இதுவே.

அவர் வழி வந்தவர்களில் சிலரிடம் குறியீடு வெறும் அலங்காரமாகத் தேய்ந்ததும் உண்மை. ஜாதகக் கட்டத்தை மட்டும் எடுத்து அதன் பின்னிருந்த தேடலை விட்டுவிட்டால், அதுவும் நகல்தான். நல்ல மாணவர்கள் வேறு திசைகளில் போனார்கள். அவர்களில் ஒருவரான ஆதிமூலம் கோடுகளைப் பற்றிக்கொண்டார். காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்து, பின்னாளில் வண்ணங்களே பேசும் அரூபத்துக்கு நகர்ந்தார். 1966இல் பணிக்கரும் நண்பர்களும் மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணி முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசில் வாங்கிய நிலம் அது.

வடசென்னை இளைஞர்களே, பணிக்கருக்கு ஜாதகக் கட்டம் கிடைத்தது. உங்களைச் சுற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் ஒவ்வொரு கன்டெய்னரின் மேலும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். காசிமேட்டு விசைப்படகுகளின் பக்கவாட்டில் பதிவு எண்ணும் சாமி பெயரும். உப்புக்காற்று அரித்த பெயிண்டுக்கு அடியில் பழைய பெயிண்ட், அதற்கும் அடியில் துரு. கொசஸ்தலை முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரின் முதுகுக்குப் பின்னே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இவற்றை ஓவிய மொழியாக மாற்றும் வேலை, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரியது.

ஒரு விடுமுறை நாளில் ஈஞ்சம்பாக்கம் போய், சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்தில் சென்னை ஓவியர்களின் படங்களை நேரில் பாருங்கள். கைபேசித் திரை காட்டாத தூரிகைத் தடம் அங்கே தெரியும். திருவனந்தபுரம் போக வாய்த்தால், பணிக்கருக்கென்றே ஒரு காட்சிக்கூடம் அங்கே இருக்கிறது. பார்த்து முடித்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் தெருவுக்குத் திரும்பி வந்து வரையத் தொடங்குங்கள்.