அகமதாபாத்தின் போள் தெருக்கள்



சபர்மதியின் கிழக்குக் கரையில் 1411ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா நிறுவிய அகமதாபாத், 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாயிற்று. இந்திய நகரங்களுள் அப்பெருமையை முதலில் எய்தியது அதுவே. அந்நகரின் மசூதிகளைப் பலரும் அறிவர். நான் பேச விழைவது அங்குள்ள குடியிருப்புத் தெருக்களைப் பற்றி.

அவற்றைப் 'போள்' என்பர். ஒரே வாயில், இரவில் அடைபடும் கதவு, உள்ளே வளைந்து செல்லும் குறுகிய சந்து. ஒரு குலத்தார், ஒரு தொழிலார், அல்லது ஒரு சமயத்தார் அதனுள் கூடி வாழ்ந்தனர். மரச்சட்டங்களுக்கிடையே செங்கல் அடுக்கிய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், கடும் வெயிலிலும் சந்தில் நிழல் நிலைக்கும். முகப்பில் நம் திண்ணையை ஒத்த 'ஓட்லோ', நடுவே 'சோக்' எனும் முற்றம்.

அம்முற்றத்தின் அடியில்தான் வியப்பு. 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டி அங்குள்ளது. முதல் மழையைக் கூரை கழுவிப் போகவிட்டு, பின்வரும் நீரைக் குழாய்வழி அதில் சேர்ப்பர். வெயில் படாது காக்கப்பட்ட அந்நீர் ஆண்டு முழுவதும் பருக உதவியது. நீரை வடிகட்டிப் பருகும் நம் சமயத்தார்க்கு இதைவிட ஏற்ற ஏற்பாடு வேறுண்டோ? மரம் வைக்க இடமில்லாத அந்நெருக்கத்திலும், தூண்மேல் மாடம் அமைத்துப் பறவைகளுக்குத் தானியம் இட்டனர். அதன் பெயர் 'சபூத்ரோ'. அகிம்சையைக் கட்டடமாக்கிய அருமை இது.

பல போள்களில் ஜினாலயங்கள் வீடுகளுக்கிடையே வீடுபோலவே நிற்கின்றன. அவை பெரும்பாலும் சுவேதாம்பரருடையவை, நாம் திகம்பரர். ஆயினும் ஆலயத்தைச் சுற்றிக் குடியமர்ந்த மரபு இருவர்க்கும் பொது.

1892இல் எல்லிஸ் பாலம் இரும்பில் எழுந்தது. பின்னர் மேற்குக் கரை வளர வளர, வசதியுடைய குடும்பங்கள் அங்குக் குடிபெயர்ந்தன. பழைய வீடுகள் பல கிடங்குகளாயின. செதுக்கிய தூண்கள் பழம்பொருள் வணிகரிடம் சென்றன. ஒட்டி நிற்கும் வரிசையில் ஒரு வீட்டை இடித்தால் பக்கத்து வீடும் பிடிமானம் இழக்கும் என்பதை விற்றவர் எண்ணவில்லை. இன்று, பாரம்பரிய வீட்டைக் காப்போர் தம் மனைக்குரிய கட்டுமான உரிமையைப் பிறர்க்கு விற்றுப் பொருள் பெற மாநகராட்சி விதி வகை செய்கிறது. நல்லதே, எனினும் வாழ்வோர் இல்லாத வீட்டில் டாங்காவைத் தூய்மை செய்வார் யார்?

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் நம் வீடுகளும் பூட்டிக் கிடக்கின்றன. இடிக்கவோ விற்கவோ முனையுமுன், திண்ணை, முற்றம், தூண், கிணறு ஆகியவற்றை அளந்து வரைந்து, படமெடுத்து, வாழ்ந்தோர் பெயர்களுடன் ஒரு படியை ஊர் ஜினாலயத்தில் வையுங்கள். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்; அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கப் பிள்ளைகளும் வருவர்.