எழுத்தின் உடம்பு: ஒரு வரைகலை மாணவரை முன்வைத்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இந்த அவையில் கவிதையின் சொல்லைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பொருளைப் பற்றி, படிமத்தைப் பற்றி, யாப்பை விட்டதைப் பற்றியும் விடாததைப் பற்றியும் சலிக்கச் சலிக்கப் பேசியிருக்கிறோம். அந்தக் கவிதை தாளின் மீது எந்த உருவில் வந்து நிற்கிறது என்பதை மட்டும் அச்சகத்தாரிடம் விட்டுவிட்டோம். இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. எழுத்துக்கு உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்ட நம் இலக்கணம், அந்த மெய்க்குப் புள்ளி உண்டு என்பது போன்ற சிலவற்றைத் தவிர, வடிவத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. நன்னூலார், எழுத்துகளெல்லாம் பழைய வடிவின என்ற அளவில் சொல்லிவிட்டு நகர்கிறார். இலக்கணத்தார் விட்ட இடத்திலிருந்து தொடங்குபவர் யார் என்று பார்த்தால், நம் காலத்தில் அவர் ஒரு வரைகலை மாணவராக இருக்கிறார். அத்தகைய ஒருவரின் படைப்பையும் ஆய்வையும், அவர் படித்த கல்வியின் ஊற்றுகளையும் முன்வைத்து இன்று பேச விழைகிறேன்.

அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். தர்மலிங்கம் உதயகுமார். கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்தவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 2001இல் பட்டம் பெற்றவர். பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்தில் முதுகலை பயின்றார். அப்படிப்பின் ஒரு பகுதியாக ஒரு தமிழ் எழுத்துருவை வடிவமைத்து அதற்குப் 'பராசக்தி' என்று பெயரிட்டார். (பெயரைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேருக்குப் பாரதியும் மறு பாதிக்கு 1952இல் வந்த திரைப்படமும் நினைவுக்கு வரும், வட்டத்தின் கட்சி நிலவரம் அப்படி.) முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட துறையும் தமிழ் அச்செழுத்துக் கலையே. இந்திய ரூபாயின் குறியீட்டை அவர் வரைந்தது நாடறிந்த செய்தி. அதற்கு முன்பே தமிழ் எழுத்தோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் அவர் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

தமிழ் எழுத்தை ஆராயப் புகும் மாணவர் முதலில் முட்டிக்கொள்வது பெயரில்லாமை என்னும் சுவரில். உரோம எழுத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் மேலைநாட்டு அச்சுக்கலையில் பெயர் உண்டு. தண்டுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, நுனியில் துருத்தும் சிறு கீற்றுக்கு ஒன்று. தமிழ் ழகரத்தின் அடிவளைவை ஒருவர் இன்னொருவரிடம் எந்தப் பெயரால் சுட்டுவது? உண்மையில் நம்மிடம் பெயர்கள் இல்லாமல் இல்லை. அவை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தன. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், கொம்புக்கால், மேல்விலங்கு, கீழ்விலங்கு, இரண்டு சுழி, மூன்று சுழி, ஏறுகால், இறங்கு கீற்று என்று வாத்தியார் மணலில் விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவை எல்லாம் உடம்பின் பெயர்கள், அசைவின் பெயர்கள். எழுத்தை நிற்கும், ஏறும், இறங்கும் ஓர் உயிராகப் பார்த்தவன்தான் அப்படிப் பெயரிட்டிருக்க முடியும். மேல்விலங்கு என்பதில் உள்ள விலங்கு மிருகமா, பூட்டும் தளையா என்று கவிஞர்கள் வாதிட்டுக்கொள்ளலாம். எனக்கு இரண்டும் பிடித்திருக்கின்றன. இச்சொற்கள் குழந்தைகளுக்கானவை என்று நாம் ஒதுக்கிவிட்டோம். வடிவ ஆய்வுக்கு வேண்டிய கலைச்சொற்களின் கருவூலம் அங்கேதான் கிடக்கிறது.

அடுத்தது அளவின் சிக்கல். 'படம்' என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நேர்க்கோடுகள், நிமிர்ந்து, சிக்கனமாக நிற்கும் எழுத்துகள். அதன் பக்கத்தில் 'கண்ணன்' என்று எழுதுங்கள். சுழிமேல் சுழி புரண்டு, அகன்று, தாளின் மீது கறுப்பாகத் திரள்கிறது. டகரமும் பகரமும் ஒரு குலம். ணகரமும் ஞகரமும் இகரமும் வேறொரு குலம். இவ்விரு குலத்தையும் ஒரே சொல்லில், ஒரே வரியில், ஒன்று வெளுக்காமலும் மற்றது கறுக்காமலும் உட்கார வைப்பதுதான் எழுத்துரு வரைபவரின் வேலை. அவர் கோட்டை மட்டும் வரைவதில்லை. கோட்டுக்குள் அடைபடும் வெண்மையையும் வரைகிறார். ஓசைக்கு நடுவில் மௌனத்தை எவ்வளவு விடுவது என்று அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உகரத்தைப் பாருங்கள். உயிர்மெய்யில் இகரமென்றால் பொதுவாக ஒரே விலங்கு; ஆகாரமென்றால் ஒரே கால். உகரம் மட்டும் மெய்க்கு மெய் தன் நடையை மாற்றுகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் அடியில் வளைந்து மீள்கின்றன. ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் ஒரு கீற்றாகக் கீழே இறங்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகிய ஏழும் கால் நீட்டி மேலே ஏறுகின்றன. ஊகாரத்துக்கு இதே போல இன்னொரு வரிசை. ஆக, முப்பத்தாறு வடிவங்களை ஒட்டுப்போட்டு ஆக்க முடியாது; ஒவ்வொன்றையும் தனியே வரைந்தாக வேண்டும். அவசரத்தில் ஆக்கிய எழுத்துருவை இந்த முப்பத்தாறில்தான் காட்டிக்கொடுத்துவிடலாம். ஒரு மாணவர் தம் முதுகலையின் காலத்தை இதற்குக் கொடுக்கிறார் என்றால், அது ஒரு பாட்டுக்குச் சீர் பிரித்து உரை காணும் உழைப்புக்கு இளைத்ததன்று.

இத்தகைய கல்விக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? கல், ஓலை, ஈயம் என்ற மூன்றிலிருந்தும் என்பேன். கல்லைப் பற்றி இங்கு நான் விரிக்கவில்லை. மாங்குளத்தையும் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களையும் நேரில் காணாத வடிவமைப்பு மாணவருக்குப் பாடத்தில் பாதி கிட்டவில்லை என்று மட்டும் சொல்வேன். ஓலையில் எழுத்தாணி கீறிய கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கனம். புள்ளி வைத்தால் ஓலை பொத்தலாகும் என்பதால் புள்ளியை விட்டுவிட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல் நின்றன. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியவில்லை. உ.வே.சா. ஏடு படிக்கப் பட்ட பாட்டில் ஒரு பங்கு இந்த வடிவங்களின் மௌனத்தோடு பட்ட பாடு. ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரித்துத் தந்தவர் வீரமாமுனிவர் என்று போற்றுகிறோம். படிப்பவனுக்குத் தடுமாற்றம் நேரும் இடத்தில் கோட்டை மாற்றுவதுதானே வடிவமைப்பு?

ஈயத்தின் கதை இன்னும் சுவையானது. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலில் தமிழ் ஒலி இருந்தது, எழுத்து உரோமமாக இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்தில்தான் தமிழ் எழுத்து ஈயத்தில் உருக்கொண்டது. பின்னர்த் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. தமிழறியாத கைகள் வார்த்த அவை அளவில் பெரியனவாக இருந்ததால் தாள் கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள் என்பது அச்சு வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. இன்று நாம் இயல்பான தமிழ் எழுத்து என்று நம்பும் உருவத்தில், கட்டுப்படியாகாத தாளுக்கும் கிடைத்த ஈயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் அதன் அழகு குறைந்துவிடவில்லை. புனிதம் கொஞ்சம் குறையலாம்.

பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் கைக்கொண்ட சீர்திருத்தத்தை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்ற பதின்மூன்றுக்கும் இருந்த தனி வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளின் வழிக்கு அவை வந்தன. 1978இல் தமிழக அரசு அதை ஆணையாக்கியது. துதிக்கை தூக்கிய பழைய லையை இழந்ததில் எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. குழந்தைக்கும் அச்சுக் கோப்பவருக்கும் கிடைத்த ஆறுதலோடு ஒப்பிட்டால் அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

உதயகுமார் பயின்ற மும்பை மையத்தில் ஒரு மரபு உண்டு. எழுத்தோவியரும் எழுத்துரு வடிவமைப்பாளருமான ஆர். கே. ஜோஷி 1983 முதல் 1996 வரை அங்கே ஆசிரியராக இருந்தார். அவர் மராத்தியில் கவிஞருமாவார். சொல்லின் தோற்றத்தையே கவிதையாக்கியவர்களில் ஒருவர். ஒருவருக்குள்ளேயே கவியும் எழுத்து வரைபவரும் குடியிருக்கலாம் என்பதற்கு அவர் சான்று. நம் பக்கத்திலும் ஓவியர் கே. எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தம் கையால் தலைப்பெழுத்து வரைந்தார். ஆனால் அவர் கைவண்ணம் அட்டையோடு நின்றது. அட்டையைத் திருப்பி உள்ளே போனால் பழைய கதைதான்.

இனி ரூபாய்க் குறியீடு. நடுவண் நிதியமைச்சகம் 2009இல் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்வாயின. 2010 சூலை 15இல் அமைச்சரவை உதயகுமாரின் வரைவை ஏற்றது. நாகரி ரகரத்தையும் உரோம ஆர் எழுத்தையும் இணைத்த வடிவம் அது. ஆர் எழுத்தின் செங்குத்துத் தண்டை எடுத்துவிட்டு, மேலே இரு கிடைக்கோடுகளை வைத்தார். இதன் திறம் சேர்த்ததில் இல்லை, எடுத்ததில் இருக்கிறது. ஒரு தண்டை நீக்கியதும் ஒரே உருவம் ஒருவர் கண்ணுக்கு ரகரமாகவும் மற்றவர் கண்ணுக்கு ஆர் ஆகவும் தெரிகிறது. சொல்லை ஓரிடத்தில் முறித்தால் ஒரு பொருள், வேறிடத்தில் முறித்தால் மறு பொருள் என்று காளமேகம் நாவில் விளையாடிய சிலேடை, இங்கே கோட்டில் நிகழ்ந்திருக்கிறது.

தமிழெழுத்தை ஆராய்ந்த தமிழர் நாகரியைக் கொண்டா வரைய வேண்டும் என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. தலைக்கோட்டில் தொங்குவது நம் எழுத்தின் இயல்பன்று. ஆகவே அக்குறியீட்டில் தமிழ்க் கண்ணுக்கு ஒரு பாதிச் சிலேடைதான் கிட்டுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் குறை சொல்லுமுன் வேறொன்றைக் கேட்க வேண்டும். தமிழில் ரூபாய்க்குத் தனிக் குறி ஒன்று முன்பே இருந்தது: ௹. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, மேற்படிக்கு ௸ என்று நம் முன்னோர் பத்திரங்களிலும் கணக்கேடுகளிலும் எழுதிய குறிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. 2003இல் யூனிகோடு தரத்தில் அதற்கு இடமும் கிடைத்துவிட்டது. புதிய ரூபாய்க் குறியீடு அங்கே இடம்பெற்றதோ 2010இல். அதாவது கணினியில் ஏழாண்டு மூப்பு நம்முடைய குறிக்கு. அதை எழுதிய கைகள் எங்கே? 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் நிதிநிலை அறிக்கையின் இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை வைத்தபோது நாடெங்கும் வாதம் நடந்தது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. என் கண்ணில் பட்டது, அப்போதும் அங்கே வந்து நின்றது 'ரூ' என்ற எழுத்துதான், ௹ அன்று. வேண்டும் என்று நினைத்த வேளையிலும் நமக்கு அது நினைவுக்கு வரவில்லை. யாரும் அதை நம்மிடமிருந்து பிடுங்கவில்லை, எழுதாமல் விட்டோம்.

கவிஞர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்கள் வரி இருக்கிறது. தமிழ்ச்சொல் நீளமானது, அகன்ற எழுத்துருவில் இன்னும் நீளும். இரு பத்தியாகக் கோத்த பக்கத்தில் நீங்கள் ஒரு மூச்சில் எழுதிய வரி பாதியில் மடங்கி அடுத்த வரியில் விழுகிறது. படிப்பவர் அதை நீங்கள் முறித்த வரி என்றே எடுத்துக்கொள்கிறார். புதுக்கவிதையில் வரி முறிப்புதான் யாப்பு என்றால், அந்த யாப்பை எழுத்துருவின் அகலம் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறது. ஓர் அசையைக் குறைக்க இரவெல்லாம் விழித்திருக்கும் நாம், எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைக்கச் சொல்லி அச்சகத்தில் ஒரு சொல் சொல்வதில்லை. மேலைமொழிகளில் புத்தகத்தின் இறுதியில் அது எந்த எழுத்தில் கோக்கப்பட்டது, அதை வரைந்தவர் யார் என்று குறிப்பெழுதும் வழக்கம் உண்டு. நம் மலர்களில் தாளின் கனம்கூட இருக்கும். எழுத்தை வரைந்தவர் பெயர் இராது.

ஆகவே வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். அடுத்த வெளியீட்டிலிருந்து, பதிப்பு விவரப் பக்கத்தில் எழுத்துருவின் பெயரும் அதை வடிவமைத்தவர் பெயரும் இடம்பெற வேண்டும். அதோடு, ஆண்டுக்கு ஒரு முறையேனும் வடிவமைப்புப் பயிலும் மாணவர் ஒருவரை அழைத்து, நம் கவிஞர் ஒருவரோடு உட்கார வைத்து, ஒரே ஒரு கவிதையை அவர்கள் இருவரும் சேர்ந்து பக்கத்தில் அமைத்துத் தரச் செய்ய வேண்டும். வரி எங்கே முறிவது என்பதில் அவர்கள் சண்டையிட்டால் அந்தச் சண்டையையும் அச்சிடலாம். முதற்கவிதையைத் தர இன்று மாலைக்குள் யாரேனும் ஒருவர் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டால் போதும்.