மழைநீர்த் தேக்கக் குளங்கள்: பயனும் பாதுகாப்பும்

(பெங்களூரில் தமிழ்த் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்குள் பெருநதி எதுவும் பாயவில்லை. இந்நகரை வளர்த்தவை ஏரிகளே. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் ராஜகாலுவை வழியே அடுத்த ஏரியைச் சேரும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி விளையாட்டரங்கமாயிற்று. பின்னர் நிலம் வெறும் சரக்காக மாறியபோது, கால்வாய்களும் மனைகளாயின. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கியதற்கு மழை மட்டுமே காரணமன்று.

இன்று குடியிருப்புகளில் அமைக்கப்படும் தேக்கக் குளங்களின் பணி எளியது. கூரையும் சிமெண்டுத் தரையும் மழையை உறிஞ்சா. விரைந்தோடி வரும் நீரைக் குளம் தாங்கி, வண்டலைப் படியவைத்து, சிறிய மதகின் வழியே மெல்ல வெளியேற்றுகிறது. ஆகவே மழைக்கு முன்பு குளத்தில் இடம் காலியாக இருத்தல் வேண்டும். விளிம்புவரை ததும்பும் குளம் கண்ணுக்கு அழகு. அடுத்த மழைக்கு உதவாது.

இக்குளங்கள் நீராடுவதற்கு உரியவை அல்ல. மழையின்போது நீர்மட்டம் திடீரென உயரும். அடியில் சேறு காலை இழுக்கும். மதகு வாயில் நீரின் இழுப்புக்கு வளர்ந்தவரும் ஈடுகொடுக்க இயலாது. கரையில் வேலியும், மதகுக்குக் கம்பிவலையும், மக்கள் பேசும் மொழிகளில் எச்சரிக்கைப் பலகையும் தேவை. சிறுவர்களைத் தனியே விடலாகாது. குப்பையையும் கழிவுநீரையும் கலத்தல் கூடாது. பெல்லந்தூர் ஏரி 2017, 2018ஆம் ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்ததை நாடே கண்டது. அங்கே கலக்கும் கழிவு வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணையை அடைந்து, ஓசூரின் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. பாதிக்கப்படுவோர் உழவர்கள்.

தூர்வாருவோர் யார் என்பதையும் கேட்போம். அடைபட்ட குழாய்க்குள் ஒப்பந்தத் தொழிலாளியை இறக்குவது கொலைக்கு ஒப்பாகும். கழிவு கலந்த குழாயில் நச்சுவாயு தேங்கும். சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவ்வேலையை எந்திரத்தால் செய்விப்பது நகராட்சி நிர்வாகத்தின் கடமை.

ஏரியைக் காப்பதாகக் கூறிக் குடிசைகளை இடித்துவிட்டு, கால்வாயை அடைத்த மாளிகைகளை விட்டுவைக்கும் நீதியை நாம் ஏற்கவியலாது. மாற்றுக் குடியிருப்பின்றி ஒருவரையும் வெளியேற்றக் கூடாது.

பருவமழைக்கு முன்பே நம் கிளைகள் தத்தம் பகுதிக் குளத்தைப் பார்வையிட்டு, மதகு, வேலி, வண்டல் ஆகியவற்றின் நிலையைக் குறித்து, மக்களைத் திரட்டி அதிகாரிகளிடம் முறையிட வேண்டும். வெள்ளம் வந்தபின் நிவாரணம் கோருவதோடு நமது பணி முடிந்துவிடுவதில்லை, தோழர்களே!