வாரத்திற்கு ஒரே நாள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஜெப ஊழியத்தில் இருக்கிற நாங்கள் மருந்தைப்பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆனால் மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தபின், "ஐயா, இதை எப்படிச் சாப்பிடுவது?" என்று நோயாளிகள் பலர் எங்களிடம்தான் கேட்கிறார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையைப்பற்றியே இன்று சொல்ல விரும்புகிறோம். அதிக அளவில் இது புற்றுநோய் மருந்து. குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல்நோய்க்கும் கொடுக்கிறார்கள். இந்நோய்களில், நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் மூட்டுகளையும் தோலையும் தாக்குகிறது. மருந்து அதை அடக்கிவைக்கிறது. "புற்றுநோய் மாத்திரையாமே" என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அளவு வேறு, நோக்கம் வேறு என்று விளக்கினால் அந்தப் பயம் நீங்கும்.

இந்த மருந்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பம்பாயில் இரத்தசோகையால் வாடிய கர்ப்பிணித் தாய்மாரை லூசி வில்ஸ் அம்மையார் ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றில் அதைக் குணமாக்கும் சத்து உண்டென்று 1931-இல் வெளியிட்டார். அதுவே பின்னர் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அந்தச் சத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் அங்கேயே உருவாயின. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்ததை பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் 1948-இல் அறிவித்தார். மெத்தோட்ரெக்ஸேட் அதன் உடன்பிறப்பு.

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறோம். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகளைப்போல் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், வாய் முழுதும் புண்ணாகும், உயிரும் போகும். இத்தகைய தவறு படித்தவர் நிறைந்த நாடுகளிலும் நடக்கிறது. அதைத் தடுக்க ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் புதிய எச்சரிக்கைகளை அறிவித்தது. அப்படியானால், எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கு எவ்வளவு கவனமாய்ச் சொல்ல வேண்டும்! "உங்கள் ஊர்ச் சந்தை என்றைக்கு?" என்று நாங்கள் கேட்கிறோம். சந்தையன்று ராத்திரி மாத்திரை என்றால் மறக்காது. ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாய் எடுக்கக்கூடாது. மருத்துவர் தரும் ஃபோலிக் அமில மாத்திரை பக்கவிளைவைக் குறைக்கும்; அதை அவர் சொன்ன வேறு நாளில் எடுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிவிடக்கூடாது.

குமட்டலும் சோர்வும் வரலாம். ஆனால் காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சுத்திணறல், காரணமில்லாத இரத்தக்கசிவு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த மாத்திரையை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். கடும் வாந்தி பேதியின்போதும் அப்படியே. தவறுதலாய் அதிகம் சாப்பிட்டவருக்கு ஃபோலினிக் அமிலம் என்ற மாற்று மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மதுபானம் கல்லீரலைக் கெடுக்கும். அதை விட்டுவிட வேண்டும். கோட்ரைமாக்ஸசோல் என்னும் கிருமிக்கொல்லி இதனோடு சேர்ந்தால் பேராபத்து. ஆகவே கடையில் கேட்டு வேறு மாத்திரை, வலி மாத்திரைகூட, வாங்கக்கூடாது. கருவுற்றவர்களும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தொடவே கூடாது. குழந்தை வேண்டும் என்று எண்ணுகிற ஆணும் பெண்ணும் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுவலி என்று பக்கத்து வீட்டாருக்கு ஒரு மாத்திரை கொடுப்பதும் அன்பல்ல, ஆபத்து.

அன்பானவர்களே, இந்த மாத்திரையின் விலை அதிகமல்ல. இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து பரிசோதிப்பதே ஏழைக்குப் பாரம். வலி குறைந்ததும், ஒருநாள் கூலியை விட்டு, பேருந்துக்குக் காசு தேடிப் பரிசோதனைக்கு வர மனம் வருவதில்லை. அங்கேதான் உங்கள் காணிக்கை கைகொடுக்கிறது. மாத்திரை வாங்கித் தருவதோடு நம் கடமை முடிவதில்லை. சாப்பிடுகிறவரைக் கவனித்துக்கொள்வதும் அதில் அடங்கும். இந்தப் பணியை உங்கள் ஜெபங்களில் நினைத்தருளுங்கள்.